பொழிச்சலூரில் மட்டும் செத்த போர்டு

14-2-2022 — ரூ. 2,150
3-6-2022 — ரூ. 2,420
21-10-2022 — ரூ. 1,985
9-1-2023 — ரூ. 2,760
17-5-2023 — ரூ. 2,610

தேதிகள் ஐந்தும் தேவானந்தம் ஐந்து மாதிரி போர்டுகளைச் செய்து முடித்த நாள்கள். எதிரே உள்ளவை ஒவ்வொன்றுக்கும் ஆன செலவு. போர்டு என்றால் உள்ளங்கையில் அடங்கும் பச்சைத் தகடு. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கீழே இருக்கும் மோட்டாரைப் போடச் சொல்லும், நிறைந்தால் நிறுத்தச் சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. இதே வேலையை ஒரு மனிதனுக்குக் கொடுத்தால் தூங்கிவிடுவான். போர்டும் தூங்க வேண்டும் என்பதுதான் தேவானந்தத்தின் ஆசை. மொட்டைமாடியில் மின் இணைப்பு கிடையாது, அது பாட்டரியில் ஓட வேண்டும். ஒரு பாட்டரி இரண்டு வருஷம் வர வேண்டும். அதற்கு அது பெரும்பாலான நேரம் தூங்கி, அவ்வப்போது ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்க வேண்டும்.

தூங்குவது பெரிய வித்தையில்லை. தூங்கும்போது அடி விழுந்தால் சாகாமல் இருப்பதுதான் வித்தை. போர்டிலிருந்து கீழே வரும் ஒயர், மோட்டாரின் ஒயரோடு ஒரே குழாயில் மூன்று மாடி இறங்குகிறது. மோட்டார் பக்கம் ஏதாவது வெடுக்கென்று ஆனால், ஒரு கணம், இமைப்பதற்குள், இந்த ஒயரிலும் நூற்றுக்கணக்கான வோல்ட் எகிறும். அதைத் தடுத்து நிலத்துக்கு அனுப்ப ஒரு காவல் டயோடு உண்டு. சிக்கல் என்னவென்றால், நல்ல உடல்வாகுள்ள காவல்காரன் திருடனே வராத நாளிலும் சாப்பிடுவான். கொஞ்சம் கொஞ்சமாக பாட்டரியைக் கசியவிட்டுக்கொண்டே இருப்பான். குறைவாகச் சாப்பிடுகிறவனை வைத்தால் திருடன் வரும்போது அவன்தான் முதலில் விழுவான்.

தேவானந்தத்துக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. டிப்ளமோ முடித்து, குரோம்பேட்டையில் டி.வி. ரிப்பேர் பார்த்து, டி.வி.யை ரிப்பேர் பார்ப்பதை ஜனங்கள் நிறுத்திய பிறகு செம்பாக்கத்தில் ராஜாராமன் நடத்திய சிறு கம்பெனிக்கு வந்தவர். அங்கே டிசைன் பிரிவில் இருந்தார். டிசைன் பிரிவு என்பது ஒரு மேஜை, மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஒரு ஆசிலோஸ்கோப், தேவானந்தம்.

முதல் போர்டு குறைவாகச் சாப்பிட்டது, பொழிச்சலூரில் செத்தது. இரண்டாவதில் பெரிய காவல்காரனை வைத்தார். மழைக்காலம் வருவதற்குள் பாட்டரி காலி. மூன்றாவது இரண்டுக்கும் நடுவே நின்றது. மேஜையில் செயற்கையாக அடி கொடுக்கும் கருவியை வைத்து எத்தனையோ முறை அடித்துப் பார்த்தார். அசையவில்லை. பொழிச்சலூரில் செத்தது. நான்காவதும் அப்படியே.

பொழிச்சலூர் என்பது தேவானந்தம் குடியிருக்கும் கட்டடம். மூன்று மாடி, ஒன்பது குடித்தனம், ஒரே தொட்டி. ஒவ்வொரு மாதிரியிலும் நாலைந்து செய்வார். ஒன்று ராஜாராமன் வீட்டுக்கு, இரண்டு தெரிந்தவர்கள் வீட்டுக்கு, ஒன்று தன் வீட்டு மொட்டைமாடிக்கு. பாட்டரி தீர்ந்துபோன இரண்டாவதைத் தவிர, மற்ற மூன்று இடத்திலும் போர்டுகள் சௌக்கியமாக இருந்தன.

"ஏன் சார், எங்க வீட்ல நல்லாத்தான ஓடுது. உங்க வீட்ல மட்டும் ஏன் சாகுது?" என்று ராஜாராமன் கேட்டார். அவருக்கு தேவானந்தத்தைவிடப் பத்து வயது குறைவு, முதலாளி என்றாலும் சார் போட்டுத்தான் பேசுவார்.

"எங்க பில்டிங்ல கரண்ட் அப்படி சார். அங்க பொழைச்சா எங்கயும் பொழைக்கும்."

"அப்ப அங்க மாட்டாதீங்களேன்."

"அது நேர்மையில்ல சார்."

ராஜாராமன் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். நேர்மை என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால் டீ ஆறிவிடும் என்பது அவர் அனுபவம்.

தன் வீட்டில் மட்டும் சாகிறது என்பதில் தேவானந்தத்துக்கு வருத்தத்தோடு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. காரணம் வெளியில்தான் இருக்க வேண்டும். முதலில் இடியைச் சந்தேகித்தார். இடியே இல்லாத பிப்ரவரியிலும் ஒன்று செத்ததால், தலைக்கு மேல் தாழப் பறந்து இறங்கும் விமானங்களைச் சந்தேகித்தார். ஒரு வாரம், விமானச் சத்தம் கேட்டதும் மாடிப்படியில் ஓடி போர்டின் பச்சை விளக்கைப் பார்த்தார். விளக்கு எரிந்தது, முழங்கால்தான் வீங்கியது. கடைசியில் பக்கத்து மனையில் கேட்டும் கிரில்லும் செய்யும் வெற்றிவேலின் வெல்டிங் பட்டறையில் போய் நின்றார்.

"உன் வெல்டிங்தான் தம்பி என் போர்டைக் கொல்லுது."

வெற்றிவேல் முகக்கவசத்தைத் தூக்கி அவரைப் பார்த்தான். "சார், எங்கப்பா காலத்துலருந்து இங்க வெல்டிங் அடிச்சிகினு கீறோம். உங்க போர்டு நேத்து வந்துது. அதுக்காண்டி நான் பட்டறைய மூடணுமா?"

"ஒரே ஒரு நாள். ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமதான் சார் பார்ட்டிங்க வரும்." என்றாலும் அவன் நல்லவன். அந்த ஞாயிறு பட்டறையைச் சாத்திவிட்டு, தன் நல்ல மனசைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தேவானந்தமும் மனைவி பேபியும் காலை ஆராதனைக்குப் போய்விட்டு வந்தார்கள். வந்தபோது வீட்டில் விளக்கு மங்கலாக எரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் போர்டு செத்திருந்தது.

"இப்ப யார சொல்லுவீங்க சார்?" என்று வெற்றிவேல் மதில்மேல் ஏறி நின்று கேட்டான். "எங்க ஆத்தா மேல போடுங்க, அது ஊருக்குப் போயிகீது."

2023 மே மாதம் ஐந்தாவது போர்டு தயாரானது. அதே மாதம் ராஜாராமனுக்கு ஒரு வாய்ப்பும் வந்தது. மேடவாக்கம் தாண்டி நானூறு தனி வீடுகள் கட்டும் ஒரு பில்டர், வீட்டுக்கு ஒரு போர்டு என்று நானூறு வாங்கத் தயார். ஒரு நிபந்தனை: ஐந்தாவது மாதிரியை நான்கு இடத்தில் மாட்ட வேண்டும், மழைக்காலம் கழிந்து பொங்கல் வரை நான்கும் உயிரோடு இருக்க வேண்டும். நான்கு இடங்களின் முகவரியைக் கேட்டார்கள். தேவானந்தம் நான்காவதாகத் தன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ராஜாராமனிடம் சொன்னார்.

ராஜாராமன் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "சரி சார். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது போச்சுன்னா டிசைன் வேண்டாம். ரெடிமேடு போர்டு வாங்கி நம்ம ஸ்டிக்கர் ஒட்டி வித்துடலாம். நீங்க பேக்கிங் பார்த்துக்குங்க."

பேக்கிங் என்பது அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுவது. முப்பது வருஷமாக மின்னோட்டத்தை மைக்ரோ ஆம்பியரில், அதாவது ஆம்பியரைப் பத்து லட்சமாகக் கூறு போட்டு, அளந்தவருக்கு இனி டேப்பை அடி கணக்கில் அளக்கும் வேலை.

ஆகஸ்டில், சோதனை தொடங்குவதற்கு முன்பே, ஒத்திகைக்காக மொட்டைமாடியில் மாட்டிய ஐந்தாவது மாதிரி ஒன்று செத்தது. அன்று தேவானந்தம் ஆசிலோஸ்கோப்பை பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்து, தரைத்தளத்தில் மீட்டர்கள் இருக்கும் மூலையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்மேல் வைத்து, போர்டுக்குப் போகும் ஒயரில் மாட்டினார். திருடன் எப்போது வருகிறான் என்று பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தார்.

சாயங்காலம் ஆனது. எல்லா வீட்டிலும் ஏ.சி. போட்டார்கள். விளக்கு மங்கியது, மோட்டார் இழுக்க முடியாமல் முனகியது. தென்சென்னைப் புறநகரில் இது தெரிந்த கதை. வீட்டுக்கு மூன்று ஃபேஸ் வருகிறது, அதில் ஒன்று சோர்ந்துவிட்டால் மீட்டர் பக்கத்தில் உள்ள ஃபேஸ் சேஞ்சர் கைப்பிடியைத் திருப்பி இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்பது குடித்தனத்தில் அதை ஆடாமல் அசங்காமல் திருப்பும் கை தேவானந்தத்தின் கை. மற்றவர்கள் திருப்பினால் டி.வி. அணைந்து எரியும். அவர் திருப்பினால் அணைந்ததே தெரியாது. மோட்டாரைக்கூட நிறுத்தமாட்டார், ஓடும்போதே டக்கென்று மாற்றிவிடுவார். "சார் கை வெச்சா கரண்டுக்கே தெரியாது" என்று குடித்தனக்காரர்கள் சொல்வார்கள்.

அன்றும் பழக்கத்தில் எழுந்து டக்கென்று திருப்பினார். ஆசிலோஸ்கோப்பின் கோடு கூரைக்கு எகிறி விழுந்தது.

தேவானந்தம் திரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடி திருப்பினார். மறுபடி எகிறியது.

தரைத்தளத்தில் சொந்த வீட்டோடு இருக்கும் கிளியம்மாள் வெளியே வந்தாள். பொழிச்சலூரில் அவள் மாமனாருக்கு ஒரு காலத்தில் பதினோரு ஏக்கர் இருந்தது. இப்போது இந்தக் கட்டடத்தில் ஒரு வீடும் பம்மல் ரோட்டில் நாலு கடையும் இருக்கின்றன.

"இன்னா சார், அப்டியே திர்ப்பிகினே கீறீங்க? மோட்டாரு பேஜாராயிடும்."

"இல்லக்கா, திருடனைப் பார்த்துட்டேன்."

"எங்க?" என்று அவள் தெருவைப் பார்த்தாள்.

மற்ற மூன்று இடத்திலும் ஃபேஸ் மாற்றுவது தானியங்கி. மனுஷர் யாரும் தொடுவதில்லை, அது கொஞ்சம் நிதானித்துத்தான் மாற்றும். ஓடும் மோட்டாரை ஒரு ஃபேஸிலிருந்து பிய்த்து, அதன் வேகம் அடங்கும் முன்னே இன்னொன்றில் குத்துவது இந்தக் கட்டடத்தில் மட்டும்தான் நடந்தது. அதையும் அவ்வளவு வேகமாகச் செய்யக்கூடியவர் ஒருவர்தான். இடி, விமானம், வெல்டிங் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, விசாரித்தவரிடமே வந்து நின்றது வழக்கு.

அக்டோபரில் சோதனை ஆரம்பமானது. போர்டை மாற்ற நேரமில்லை. பெரிய காவல்காரனை வைத்தால் பாட்டரி கணக்கில் தோற்கும். ஆகவே தேவானந்தம் ஒரு பூட்டு வாங்கி வந்து ஃபேஸ் சேஞ்சரைப் பூட்டினார். பொங்கல் வரை யாரும் தொடக்கூடாது, தொட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் மோட்டாரை நிறுத்த வேண்டும், பிறகு தன்னிடம் வந்து சாவி கேட்க வேண்டும் என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். அட்டையை யாரும் படிக்கவில்லை என்பதால் ஒன்பது வீட்டுக்கும் போய் வாயாலும் சொன்னார்.

குடித்தனங்களின் வசதிக்காகச் செய்த போர்டு பிழைக்க வேண்டும் என்பதற்காக ஒன்பது குடித்தனமும் ஐப்பசி முழுக்க அரை வெளிச்சத்தில் சாப்பிட்டன. மிக்ஸியில் சட்னி பாதியில் நின்றது.

"உங்க மெசினு நல்லா கீது சார். நாங்கதான் வீணாப்போறோம்" என்றாள் கிளியம்மாள்.

"என்னங்க, சாவிய குடுத்துத் தொலைங்க. ஜனங்க என்னை ஏசுறாங்க" என்றாள் பேபி. "கடையில என்னைப் பார்த்து, சாவிக்கார வூட்டம்மாங்கறா ஒருத்தி."

சாவி கேட்டு வந்தவர்களிடம் மோட்டாரை நிறுத்தியாகிவிட்டதா என்று மூன்று முறை கேட்டுத்தான் கொடுத்தார். டிசம்பரில் புயல் வந்தது. போர்டுக்கு அதுதான் பெரிய கண்டம் என்று எல்லோரும் நினைத்திருக்க, தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்று மின்சாரமே நாள்கணக்கில் இல்லாமல் போனதால், அந்தப் பருவத்திலேயே போர்டு மிக நிம்மதியாக இருந்தது அந்த நாள்களில்தான். பொங்கல் வந்தது. நான்கு போர்டும் உயிரோடு இருந்தன. ராஜாராமன் கம்பெனியில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்.

தேவானந்தம் அதைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். நானூறு வீடு. நானூறு வீட்டிலும் கையால் திருப்பும் ஃபேஸ் சேஞ்சர்தான் வைக்கிறார்கள், பிளானில் பார்த்துவிட்டார். நானூறு வீட்டிலும் தன் கை வேகத்தைப் பற்றிப் பெருமைப்படும் ஒருவன் இருப்பான். பூட்டிய வீட்டில் திருட்டு நடக்கவில்லை என்று காவல்காரனுக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

பூட்டிய நாள்களில் அவருக்கு வழியும் தெரிந்துவிட்டிருந்தது. காவல்காரனை மாடியில் பாட்டரியோடு ஏன் குடிவைக்க வேண்டும்? அடி கிளம்புகிற இடம் கீழே, மோட்டார் பெட்டியில். அங்கே மின்சாரம் எப்போதும் இருக்கிறது, காவல்காரன் எவ்வளவு சாப்பிட்டாலும் கேட்பாரில்லை. முப்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு சின்ன உதிரியை அங்கே வைத்தால் எகிறல் கிளம்பும் இடத்திலேயே அடங்கிவிடும். மேலே இருப்பது பாட்டுக்குத் தூங்கலாம்.

"மோட்டார் பெட்டி நம்ம கான்ட்ராக்ட்டே இல்ல சார்" என்றார் ராஜாராமன். "அது வேற ஆள். நம்ம போர்டு கெடும், இன்னொருத்தர் பெட்டியில இதை வைங்கன்னு நாமளே போய்ச் சொல்லணுமா? பாஸ் ஆனத ஃபெயில் பண்ணச் சொல்லி மனு போட்ட மொத ஆள் நீங்கதான்."

"கெட்டுத் திரும்பி வருமே சார்."

"வந்தா ரிப்பேர் சார்ஜ்."

தேவானந்தம் அன்றைக்கே பில்டருக்குத் தன் கைப்பட எழுதினார். தன் வீட்டில் பூட்டுப் போட்டதையும் எழுதினார். எழுதியதை ராஜாராமனிடம் சொன்னபோது, அவர் கோபிக்கவில்லை. ஒரு கட்டு டேப்பை எடுத்து தேவானந்தத்தின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பில்டர் தரப்பிலிருந்து ஆல்வின் என்ற பொறியாளர் பிப்ரவரி கடைசியில் ஒரு சாயங்காலம் பொழிச்சலூருக்கு நேரில் வந்தார். முப்பது வயதிருக்கும், மரியாதையான பிள்ளை. தேவானந்தம் பூட்டை எடுத்திருந்தார். குடித்தனக்காரர்கள் வழக்கம்போல் திருப்பட்டும், போர்டு சாகட்டும், இவர் கண்ணால் பார்க்கட்டும் என்று ஓரமாக நின்றார். பேபியை மொட்டைமாடியில் பச்சை விளக்குக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

வீடுகளில் விளக்கு மங்கியது. மோட்டார் முனகியது. கிளியம்மாள் வந்தாள். நேரே போய் மோட்டாரை நிறுத்தினாள். மனசுக்குள் ஏதோ எண்ணினாள். பிறகு கைப்பிடியைத் திருப்பினாள், மறுபடி மோட்டாரைப் போட்டாள்.

"எப்பவும் இப்படித்தான் செய்வீங்களாம்மா?" என்று ஆல்வின் கேட்டார்.

"பின்ன? மோட்டாரு ஓடச்சொல்ல திர்ப்பலாமா? கொழந்தைக்குக்கூட தெரியும். ஒம்பது வூட்லயும் இப்டித்தான். சார்தான் சொல்லிக் குட்த்தாரு."

"அக்கா, முன்ன மாதிரி திருப்புங்க" என்றார் தேவானந்தம்.

"ஐய, நான் மாட்டேன். மூணு மாசம் பாடம் நட்த்திட்டு இப்ப இன்னா?"

தேவானந்தம் தானே முன்னே போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, தன் பேர்போன கையால் டக்கென்று திருப்பினார். மேலே பார்த்துக் கத்தினார். "பேபி, விளக்கு?"

"எரியுதுங்க!"

இன்னொரு முறை திருப்பினார்.

"நல்லா எரியுதுங்க!" பேபியின் குரலில் சந்தோஷம் பொங்கியது. கணவன் வேலை பிழைக்க வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க ஜெபித்தவள் அவள்.

மூன்றாவது முறை திருப்பியபோது மதில்மேல் வெற்றிவேலும் ஏறியிருந்தான். "சார், என்னை வேணா வெல்டிங் அடிக்கச் சொல்லுங்க" என்றான்.

"எரியுது! கவலையேபடாதீங்க!"

தேவானந்தம் ஆல்வின் பக்கம் திரும்பினார். "தம்பி, அலை எந்த இடத்துல இருக்கும்போது கை வெட்டுதுங்கறதைப் பொறுத்தது இது. உச்சியில வெட்டினா சாகும். நடுவுல வெட்டினா ஒண்ணும் ஆகாது. நூறு தடவ திருப்பினா நாலஞ்சு தடவ கண்டிப்பா..."

"அப்ப அதிர்ஷ்டம்ங்கறீங்களா சார்?"

"இல்ல தம்பி. புள்ளிவிவரம்."

ஆல்வின் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். புறப்படும்போது தேவானந்தத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, "தன் பொருளை இவ்வளவு கடுமையா சோதிக்கிற ஆளை நான் பார்த்ததில்ல சார்" என்றார். அவர் பைக் தெருமுனை திரும்பும்வரை தேவானந்தம் கைப்பிடியை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

பில்டரிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தை ராஜாராமன் கம்பெனியில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தார். வடிவமைத்தவரே மூன்று முறை முயன்றும் கெடுக்க இயலாத போர்டு என்பதைத் தங்கள் பொறியாளர் நேரில் கண்டதாகவும், பயனாளர்கள் எவரும் ஓடும் மோட்டாரில் ஃபேஸ் மாற்றுவதில்லை என்பது விசாரணையில் உறுதியானதாகவும், எனவே மோட்டார் பெட்டியில் கூடுதல் உதிரி தேவையில்லை என்றும், நானூறு போர்டுகளையும் மாதிரியில் எந்த மாற்றமும் செய்யாமல் அனுப்புமாறும் அதில் இருந்தது.

டேப் கட்டை ராஜாராமனே மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டார். "டிசைன் பிரிவு இருக்கும் சார். இன்னும் ஒரு மேஜைகூடப் போடலாம்."

"அந்த உதிரியை நம்ம செலவுல, நானூறு பெட்டியிலயும் இலவசமா ஒண்ணொண்ணு போட்டு அனுப்பிடலாமா சார்?" என்று தேவானந்தம் கேட்டார். "எங்க வைக்கணும்னு ஒரு சீட்டும் எழுதிடறேன்."

"இலவசமா குடுத்தா சந்தேகம் வரும் சார்" என்றார் ராஜாராமன். கடிதத்தை மடித்து, அது வந்து சேர்ந்த தேதியைப் போட்டு வைக்கும்படி தேவானந்தத்திடமே நீட்டினார். தேவானந்தம் பேனாவை எடுத்து மூலையில் எழுதினார்: 6-3-2024, புதன்கிழமை.